மனுவில் ஒரு சின்னச் சொல்: ‘டு’வா, ‘ஃபார்’ஆ, ‘ஆன்’ஆ, ‘அகெய்ன்ஸ்ட்’ஆ?

“ப்ளீஸ் டேக் ஆக்‌ஷன் அகெய்ன்ஸ்ட் மை கம்ப்ளெயின்ட்.”

ஆங்கிலத்தில் எழுதும் மனுக்களில் இப்படி ஒரு வரி வருவது உண்டு. எழுதியவர் சொல்ல நினைத்தது, “என் புகார் மீது நடவடிக்கை எடுங்கள்” என்பது. எழுதியிருப்பதோ, “என் புகாருக்கு எதிராக நடவடிக்கை எடுங்கள்” என்பது! இடையில் இருக்கும் ஒரே ஒரு சொல் மாறியதால், மனு கொடுத்தவரே தன் மனுவுக்கு எதிராக நிற்கிறார். அங்கே வர வேண்டியது ‘அகெய்ன்ஸ்ட்’ இல்லை, ‘ஆன்’.

இந்தச் சின்னச் சொற்களைத்தான் பள்ளியில் ‘ப்ரெபோசிஷன்’ என்று படித்தோம். தமிழில் முன்னிடைச்சொல். டு, ஃபார், ஆன், இன், அட், ஆஃப், வித், ஃப்ரம், பை என்று பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள். பத்தாம் வகுப்பில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று வந்தால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். ஆனா சான்றிதழ், ரேஷன் கார்டு, வங்கி, மேல்முறையீடு என்று வரும்போது, எது யாருக்கு, எதிலிருந்து எதற்கு, எந்தத் தேதிக்குள் என்பதையெல்லாம் இந்தச் சொற்கள்தான் தீர்மானிக்கின்றன. அதனால் அரசு அலுவலகத்துக்கு எழுதும் ஆங்கிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் பார்ப்போம். ஆங்கிலத் தொடர்களை வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

முதலில் ஓர் உரிமை

பாடத்துக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். மனுவை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. புதுச்சேரியில் 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ் ஆட்சிமொழி. மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர நியாயமான உதவி அனைத்தையும் பொதுத் தகவல் அலுவலர் செய்ய வேண்டும் என்று அதன் 6-ஆவது பிரிவு கூறுகிறது.

ஆகவே ஆங்கிலம் தடுமாறினால் தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் ஆன்லைன் படிவம், வங்கிக் கடிதம், வெளிமாநிலக் கல்லூரி, டெல்லியில் உள்ள ஆணையம் என்று ஆங்கிலம் தேவைப்படும் இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அந்த இடங்களுக்குத்தான் இந்தப் பாடம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. அவை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்: தாசில்தார் + கு = தாசில்தாருக்கு. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் முன்னால் நிற்கும். இது எல்லாருக்கும் தெரிந்த வித்தியாசம். பிரச்சினை இதில் இல்லை.

பிரச்சினை, தமிழில் ஒரே உருபு செய்கிற வேலையை ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. நாம் தமிழில் யோசித்து, உருபுக்கு நேரான ஒரு சொல்லை எடுத்துப் போடுகிறோம். பாதி நேரம் சரியாக வரும், மீதி நேரம் மாட்டிக்கொள்ளும். அதனால் ஆங்கிலச் சொல்லில் தொடங்காமல், நம்முடைய தமிழ் உருபில் தொடங்கிப் பார்ப்போம்.

1. ‘கு’: யாருக்கு, எதற்கு?

“தாசில்தாருக்கு விண்ணப்பித்தேன்.” “இருப்பிடச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன்.” இரண்டிலும் ‘கு’தான். ஆங்கிலத்தில் முதலாவது ‘டு’, இரண்டாவது ‘ஃபார்’. பெறுகிறவர் அல்லது அலுவலகம் என்றால் ‘டு’. நமக்குக் கிடைக்க வேண்டிய பொருள் என்றால் ‘ஃபார்’.

“ஐ அப்ளைட் டு தி தாசில்தார் ஃபார் எ ரெசிடென்ஸ் சர்டிஃபிகேட்.”

இதே அச்சில் இன்னும் சில:
• ‘ரைட் டு’ – ஒருவருக்கு எழுதுவது
• ‘ரிப்ளை டு’ – ஒருவருக்கு, ஒரு கடிதத்துக்குப் பதில் தருவது
• ‘வெயிட் ஃபார்’ – ஒன்றுக்காகக் காத்திருப்பது
• ‘பே ஃபார்’ – ஒன்றுக்காகப் பணம் கட்டுவது

இரட்டைப் பிள்ளைகள் போல் தோன்றும் இரண்டு சொற்களும் இங்கே உண்டு. ஒரு திட்டத்துக்குத் தகுதி இருக்கிறது என்றால் ‘எலிஜிபிள் ஃபார்’. ஒன்றைப் பெற உரிமை இருக்கிறது என்றால் ‘என்டைட்டில்டு டு’. இரண்டுக்கும் தமிழில் ‘கு’தான், ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. கட்டணத்திலிருந்து விலக்கு என்றால் ‘எக்ஸெம்ப்ட் ஃப்ரம்’. இதில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன.

2. ‘மீது’, ‘மேல்’: இங்கேதான் பெரிய சிக்கல்

“மனு மீது நடவடிக்கை எடுங்கள்.” “அவர் மீது நடவடிக்கை எடுங்கள்.” தமிழில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் முதலாவது ‘டேக் ஆக்‌ஷன் ஆன் தி பெட்டிஷன்’. இரண்டாவது ‘டேக் ஆக்‌ஷன் அகெய்ன்ஸ்ட் ஹிம்’. எதைப் பரிசீலித்து நடவடிக்கையோ அதற்கு ‘ஆன்’; யாரைத் தண்டிக்கவோ தடுக்கவோ நடவடிக்கையோ அவருக்கு ‘அகெய்ன்ஸ்ட்’. இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் முதல் வரியில் பார்த்தோம்.

இன்னொரு பக்கம், ‘மேல்’ என்பதை அப்படியே பெயர்த்து “ஐ கேவ் எ கம்ப்ளெயின்ட் ஆன் மை நெய்பர்” என்று எழுதுகிறவர்கள் உண்டு. “பக்கத்து வீட்டுக்காரர் மேல புகார் கொடுத்தேன்” என்பது நம்ம பேச்சு. அதன் நிழல்தான் அந்த ‘ஆன்’. ஆங்கிலத்தில் ஆள் என்றால் ‘கம்ப்ளெயின்ட் அகெய்ன்ஸ்ட்’. விஷயம் என்றால் ‘கம்ப்ளெயின்ட் அபவுட்’. புகாரை யாரிடம் பதிவு செய்தோமோ அவருக்கு ‘வித்’. மூன்றையும் சேர்த்தால்:

“ஐ லாட்ஜ்டு எ கம்ப்ளெயின்ட் வித் தி போலீஸ் அகெய்ன்ஸ்ட் தி கான்ட்ராக்டர்.”

இதில் ‘வித் தி போலீஸ்’ என்பதைப் ‘போலீசுடன் சேர்ந்து’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. ‘போலீசிடம்’ என்றுதான் பொருள். வினைச்சொல்லாக எழுதினால் ‘கம்ப்ளெயின் டு தி போலீஸ்’ என்று ‘டு’ வரும்.

மேல்முறையீட்டிலும் இதே கணக்குதான். யாரிடம் மேல்முறையீடு செய்கிறோமோ அவருக்கு ‘அப்பீல் டு’. எந்த உத்தரவை எதிர்த்தோ அதற்கு ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட்’. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால், தகவல் உரிமைச் சட்டத்தில் நம்முடைய இரண்டாவது மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். எழுதும்போது, “அப்பீல் டு தி சென்ட்ரல் இன்ஃபர்மேஷன் கமிஷன் அகெய்ன்ஸ்ட் தி ஆர்டர் ஆஃப் தி ஃபர்ஸ்ட் அப்பெலேட் அத்தாரிட்டி” என்று வர வேண்டும். ‘டு’வும் ‘அகெய்ன்ஸ்ட்’டும் இடம் மாறினால், ஆணையத்தையே எதிர்த்து முறையிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆட்சேபணை மட்டும் தனி. ‘அப்ஜெக்‌ஷன் டு’ என்பதே வழக்கம். “ஐ ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன் டு தி டிரான்ஸ்ஃபர்” என்றால், பெயர் மாற்றத்துக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.

3. ‘பற்றி’: சில இடங்களில் எதுவுமே வேண்டாம்

“இதைப் பற்றி விவாதித்தோம்” என்பதை “வீ டிஸ்கஸ்ட் அபவுட் திஸ்” என்று எழுதுவது நம்மிடம் மிகப் பரவலான வழக்கம். ‘டிஸ்கஸ்’ என்ற வினைச்சொல்லுக்குள்ளேயே ‘பற்றிப் பேசு’ என்ற பொருள் அடங்கியிருக்கிறது. அதனால் ‘அபவுட்’ வேண்டாம். “வீ டிஸ்கஸ்ட் திஸ் வித் தி ஆஃபீசர்” என்றால் போதும்.

ஆனால் அதே சொல் பெயர்ச்சொல்லாக மாறினால், உடனே ஒரு ப்ரெபோசிஷன் வந்து ஒட்டிக்கொள்ளும்: “வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் திஸ்” அல்லது ‘டிஸ்கஷன் ஆன்’. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் நிறையப் பிழைகள் தானாகப் போய்விடும். கீழே உள்ள ஜோடிகளைப் பாருங்கள்:

• வினையாக: ‘ரிக்வெஸ்ட் எ காப்பி’. பெயராக: ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் எ காப்பி’.
• வினையாக: ‘டிமாண்ட் அன் ஆன்சர்’. பெயராக: ‘எ டிமாண்ட் ஃபார் அன் ஆன்சர்’.
• வினையாக: ‘ஆன்சர் தி லெட்டர்’. பெயராக: ‘அன் ஆன்சர் டு தி லெட்டர்’.
• வினையாக: ‘விசிட் தி ஆஃபீஸ்’. பெயராக: ‘மை விசிட் டு தி ஆஃபீஸ்’.
• வினையாக: ‘காண்டாக்ட் தி ஆஃபீசர்’. பெயராக: ‘இன் காண்டாக்ட் வித் தி ஆஃபீசர்’.
• வினையாக: ‘வீ லேக் வாட்டர்’. பெயராக: ‘எ லேக் ஆஃப் வாட்டர்’.

‘ரீச்’ என்ற வினையும் இப்படித்தான். “தி லெட்டர் ரீச்டு மீ” என்றால் போதும்; ‘ரீச்டு டு மீ’ தேவையில்லை. ‘ரிப்ளை’ மட்டும் விதிவிலக்கு. வினையாக வந்தாலும் பெயராக வந்தாலும் அதற்கு ‘டு’ வேண்டும்.

‘ரிக்வெஸ்ட்’ விஷயத்தில் இன்னொரு கவனம். ஒருவரைக் கேட்டுக்கொள்ளும்போது “ஐ ரிக்வெஸ்ட் டு யூ” என்று எழுதக் கூடாது. “ஐ ரிக்வெஸ்ட் யூ டு இஷ்யூ எ காப்பி” என்பதே சரி. அங்கே வரும் ‘டு’ அடுத்த வினைச்சொல்லுக்குச் சொந்தமானது, ‘யூ’வுக்கு இல்லை.

4. ‘உடன்’: கல்யாணத்தில் ‘வித்’ இல்லை

“என் மகளுக்கு இன்னாருடன் திருமணமாகியுள்ளது” என்பது தமிழ். ஆங்கிலத்தில் ‘மேரீடு டு’. திருமணப் பதிவு, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், பாஸ்போர்ட் என்று பல இடங்களில் இந்தத் தொடர் வரும். ‘மேரீடு வித்’ என்று எழுதினால் புரியாமல் போகாது. ஆனாலும் சரியான வழக்கு ‘டு’ தான்.

இதற்கு மாறாக, தமிழில் ‘கு’ வரும் சில இடங்களில் ஆங்கிலம் ‘வித்’ கேட்கும். “விதிகளுக்கு இணங்க” என்றால் ‘இன் அக்கார்டன்ஸ் வித் தி ரூல்ஸ்’. விதிகளுக்கு உட்பட்டு நடந்தால் ‘கம்ப்ளை வித்’. எனக்கு ஒரு நகல் கொடுங்கள் என்றால் ‘ப்ரொவைட் மீ வித் எ காப்பி’. பொருளை முதலில் சொன்னால், ‘ப்ரொவைட் எ காப்பி டு மீ’ என்று திரும்பிவிடும்.

இதெல்லாம் ஏதோ ஒரு தர்க்கத்தில் அடங்கும் என்று தேடினால் களைத்துப்போவோம். ஒவ்வொரு மொழியும் தன் பழக்கத்தில் போகிறது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 வரை இருந்த ஊர் நம்முடையது. பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இன்னமும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘சார்ந்திருத்தல்’ என்ற வினைக்கு ஆங்கிலம் ‘ஆன்’ போடும். அதே வினைக்குப் பிரெஞ்சு ‘தெ’ போடும், அதாவது ஆங்கில ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ ஆகியவற்றின் பங்காளி. தமிழோ ‘அப்பாவைச் சார்ந்து’ என்று ‘ஐ’ உருபு போடுகிறது. மூன்று மொழி, மூன்று வழி. இதில் எதுவும் தப்பில்லை. தமிழ் படிக்க வருகிற வெளிநாட்டவருக்கும் ‘அவரிடம் கேட்டேன்’, ‘அவரைக் கேட்டேன்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று புரிய நாளாகும்.

5. ‘பெயரில்’: பணமும் சொத்தும்

‘பெயரில்’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலத்தில் மூன்று விதமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

• சொத்து, இணைப்பு, கணக்கு ஒருவர் பெயரில் இருந்தால் ‘இன் தி நேம் ஆஃப்’. “தி வாட்டர் கனெக்‌ஷன் இஸ் இன் தி நேம் ஆஃப் மை மதர்.”
• டிமாண்ட் டிராஃப்ட் ஒரு அலுவலகத்தின் பெயரில் எடுத்தால் ‘இன் ஃபேவர் ஆஃப்’. பணம் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்கு.
• ஒருவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’. அம்மாவுக்காக மகன் மனு கொடுத்தால் இதுதான். இங்கே ‘இன் தி நேம் ஆஃப்’ போட்டால், யார் மனுதாரர் என்ற கேள்வி வந்துவிடும்.

டிமாண்ட் டிராஃப்ட் கேட்கும் அறிவிப்புகளில் ‘பேயபிள் டு’, ‘பேயபிள் அட்’ என்று இரண்டு தொடர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘டு’வுக்குப் பின் வருவது பணம் பெறுபவர், ‘அட்’டுக்குப் பின் வருவது பணமாக்கும் ஊர். ‘பேயபிள் அட் புதுச்சேரி’ என்று இருந்தால், வங்கிப் படிவத்தில் ஊர் கேட்கும் கட்டத்தில் புதுச்சேரி என்று நிரப்ப வேண்டும்.

உதவித்தொகை வரவில்லை என்று எழுதும்போது: பணம் கணக்கில் சேர்ந்தால் ‘கிரெடிட்டட் டு மை அக்கவுன்ட்’, கணக்கிலிருந்து போனால் ‘டெபிட்டட் ஃப்ரம் மை அக்கவுன்ட்’. சொல்லும் ப்ரெபோசிஷனும் ஜோடியாகவே வரட்டும்.

ரேஷன் கார்டில் ‘ஃப்ரம்’, ‘டு’ இரண்டும் திசை காட்டும் சொற்கள். நம்ம ஊரில் சிவப்பு அட்டை வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு, மஞ்சள் அட்டை மற்றவர்களுக்கு. வருமானம் குறைந்த ஒரு குடும்பம் அட்டையை மாற்றக் கேட்டால், “கன்வெர்ட் மை கார்டு ஃப்ரம் எல்லோ டு ரெட்” என்று எழுத வேண்டும். அவசரத்தில் “ஃப்ரம் ரெட் டு எல்லோ” என்று எழுதிவிட்டால், கோரிக்கை தலைகீழாகிவிடும். எழுதி முடித்ததும் இந்த வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

வீட்டு விவகாரத்தில் ஒரு நுட்பம். “ஐ ஆம் இன் பொசெஷன் ஆஃப் தி ஹவுஸ்” என்றால் வீடு என் அனுபவத்தில் இருக்கிறது. “தி ஹவுஸ் இஸ் இன் தி பொசெஷன் ஆஃப் மை பிரதர்” என்றால் வீடு அண்ணன் கையில் இருக்கிறது. நடுவில் ஒரு ‘தி’ வந்ததும், வைத்திருப்பவரும் வைத்திருக்கப்படுவதும் இடம் மாறுகின்றன. இந்த மாதிரி வாக்கியங்களை வழக்கறிஞரிடமோ விவரம் தெரிந்தவரிடமோ காட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது.

6. நாள் கணக்கு: ‘உள்’, ‘வரை’, ‘இருந்து’

தேதி விஷயத்தில் இந்தச் சொற்கள் சரியாகப் புரியாவிட்டால் கெடு தவறிவிடும்.

‘பை’ என்றால் ‘உள்’. ‘அன்டில்’ அல்லது ‘டில்’ என்றால் ‘வரை’. “சப்மிட் பை 5 பி.எம்.” என்றால் 5 மணிக்குள் ஒரு தடவை கொடுத்து முடிக்க வேண்டும். “தி கவுன்டர் இஸ் ஓப்பன் அன்டில் 5 பி.எம்.” என்றால் 5 மணி வரை தொடர்ந்து திறந்திருக்கும். “பிஃபோர் 30 ஜூன்” என்றால் 29-ஆம் தேதியோடு முடிந்தது. “ஆன் ஆர் பிஃபோர் 30 ஜூன்” என்றால் 30-ஆம் தேதியும் சேர்த்தி.

‘விதின்’ என்றால் ‘இத்தனை நாட்களுக்குள்’. குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அது ‘விதின் 21 டேஸ்’. ‘ஆஃப்டர் 21 டேஸ்’ என்று படித்துக் குழம்பினால் தாமதப் பதிவு ஆகிவிடும். தாமதக் கட்டணம், கூடுதல் ஆவணம் என்று அலைச்சல் மிஞ்சும்.

இப்போது ‘ஃப்ரம்’. இந்தச் சின்னச் சொல்லுக்கு இந்தியாவில் சட்டமே பொருள் சொல்லி வைத்திருக்கிறது! பொது உட்பிரிவுகள் சட்டம், 1897-இன் 9-ஆவது பிரிவின்படி, மத்தியச் சட்டங்களில் நாட்களைக் கணக்கிடும்போது ‘ஃப்ரம்’ என்று இருந்தால் முதல் நாள் சேராது. ‘டு’ என்று இருந்தால் கடைசி நாள் சேரும். 130 ஆண்டுகளை நெருங்கும் இந்த விதி இன்றைக்கும் நமக்குப் பயன்படுகிறது.

எப்படி என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு, பதில் கிடைத்ததிலிருந்து 30 நாட்கள் அவகாசம். சட்டத்தில் இருக்கும் சொல் ‘ஃப்ரம்’. ஜூன் 1-ஆம் தேதி உங்கள் கையில் பதில் கிடைத்தால், அந்த நாளைச் சேர்க்காமல் ஜூன் 2-ஐ முதல் நாளாக எண்ணுங்கள். 30-ஆவது நாள் ஜூலை 1. அன்று அலுவலகம் விடுமுறை என்றால், அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி, அடுத்து அலுவலகம் திறக்கும் நாளில் கொடுத்தாலும் காலத்துக்குள் கொடுத்ததாகவே கொள்ளப்படும். இருந்தாலும் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் ‘ஃப்ரம்’ என்று எழுதிவிடுவதும் உண்டு. தொடங்கிய ஆண்டைச் சொன்னால் ‘சின்ஸ் 2015’. எத்தனை ஆண்டு என்று சொன்னால் ‘ஃபார் 10 இயர்ஸ்’. இருப்பிடச் சான்றிதழுக்கு எழுதும்போது இது முக்கியம்.

7. மனுவில் அடிக்கடி வரும் தொடர்கள்

கீழே உள்ளவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரிக்காமல், ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

• ‘ப்ரிங் டு யுவர் நோட்டீஸ்’ – உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருதல்
• ‘பே அட்டென்ஷன் டு’ – கவனம் செலுத்துதல்
• ‘டேக் பார்ட் இன்’ – பங்கேற்றல் (முகாம், கிராம சபை)
• ‘மேக் யூஸ் ஆஃப்’ – பயன்படுத்திக்கொள்ளுதல்
• ‘டேக் ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார்’ – பொறுப்பேற்றல்
• ‘ஹேவ் அக்சஸ் டு’ – பெறும் வசதி, அணுகும் வழி இருத்தல்
• ‘புட் அன் எண்ட் டு’ – முடிவு கட்டுதல்
• ‘டேக் இன்டு கன்சிடரேஷன்’ – கருத்தில் கொள்ளுதல்
• ‘வித் ரெஃபரன்ஸ் டு’ – பார்வையில் காணும் கடிதம் தொடர்பாக
• ‘இன் லியூ ஆஃப்’ – பதிலாக (தொலைந்த அட்டைக்குப் பதில் புது அட்டை)
• ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ – இந்தத் தேதி முதல் அமலாகும்படி

முகவரிக்கும் ஒரு வரி. வீட்டு எண்ணோடு சொன்னால் ‘அட்’. ஊர் பெயர் மட்டும் என்றால் ‘இன்’. ‘ரிசைடிங் அட் நம்பர் 12’ என்றும் ‘ரிசைடிங் இன் நெல்லித்தோப்பு’ என்றும் வரும். பெயருக்குப் பக்கத்தில் போடும் எஸ்/ஓ, டி/ஓ, டபிள்யூ/ஓ ஆகியவற்றில் ஒளிந்திருப்பது ‘ஆஃப்’: இன்னாரின் மகன், மகள், மனைவி. ஆனால் சி/ஓ என்பது ‘கேர் ஆஃப்’. அது உறவைச் சொல்வதில்லை, கடிதம் யார் வழியாகச் சேரும் என்பதை மட்டும் சொல்கிறது. தந்தை பெயர் கேட்கும் கட்டத்தில் சி/ஓ போட்டு நிரப்ப வேண்டாம்.

8. ஒரு மாதிரி மனு

நெல்லித்தோப்பில் ஒரு தெருவில் குடிநீர் சரியாக வரவில்லை. அந்தத் தெருவாசி பொதுப்பணித்துறைக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதியது:

“ஐ ஆம் ரிசைடிங் அட் நெல்லித்தோப்பு ஃப்ரம் 10 இயர்ஸ். தி வாட்டர் இஸ் நாட் ரீச்சிங் டு அவர் ஸ்ட்ரீட். வீ டிஸ்கஸ்ட் அபவுட் திஸ் டு தி ஜூனியர் இன்ஜினியர். ஐ ரிக்வெஸ்ட் டு யூ ஃபார் டேக் ஆக்‌ஷன் அகெய்ன்ஸ்ட் மை கம்ப்ளெயின்ட்.”

திருத்தியது:

“ஐ ஹேவ் பீன் ரிசைடிங் இன் நெல்லித்தோப்பு ஃபார் 10 இயர்ஸ். தி வாட்டர் இஸ் நாட் ரீச்சிங் அவர் ஸ்ட்ரீட். வீ டிஸ்கஸ்ட் திஸ் வித் தி ஜூனியர் இன்ஜினியர். ஐ ரிக்வெஸ்ட் யூ டு டேக் ஆக்‌ஷன் ஆன் மை கம்ப்ளெயின்ட்.”

நாலே வரி. கடினமான வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. சின்னச் சொற்களில் சிலவற்றை எடுத்தோம், சிலவற்றை மாற்றினோம். முதல் வாக்கியத்தில் மட்டும், 10 ஆண்டாகத் தொடர்ந்து இருப்பதைக் காட்ட வினைச்சொல்லின் காலமும் மாறியது.

எப்படிப் பழகுவது?

அகராதியில் ஒரு சொல்லைப் பார்க்கும்போது பொருளோடு நின்றுவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். எந்த ப்ரெபோசிஷன் கூட வருகிறது என்பது அங்கேதான் இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக இந்த மாதிரி அகராதி தயாரித்த முன்னோடிகளில் ஒருவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் சக ஆசிரியர்கள் இருவரும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானது. இன்று மாணவர்கள் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வழிவந்ததுதான். ஜப்பானிய மாணவர்களும் நம்மைப் போலவே தடுமாறியதால் பிறந்த புத்தகம் என்றும் சொல்லலாம்.

வீட்டுக்கு வரும் அரசுக் கடிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் வரும் தொடர்களைப் பென்சிலால் கோடிட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்தால் நமக்கென்று ஒரு சின்ன அகராதி தயாராகிவிடும்.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் எது வரும்? எதுவும் வராது என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

1. ஐ ஆம் அப்ளையிங் ____ எ பர்த் சர்டிஃபிகேட்.
2. ஷீ இஸ் எலிஜிபிள் ____ தி பென்ஷன்.
3. வீ வான்ட் டு டிஸ்கஸ் ____ தி டிரெய்னேஜ் ப்ராப்ளம்.
4. மை டாட்டர் இஸ் மேரீடு ____ எ டீச்சர்.
5. ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு எ ரிப்ளை ____ மை லெட்டர்.
6. ப்ளீஸ் டேக் ஆக்‌ஷன் ____ மை பெட்டிஷன்.
7. ஐ ஆம் சைனிங் ____ பிஹாஃப் ஆஃப் மை மதர்.
8. வீ ஹேவ் லிவ்டு ஹியர் ____ 2012.

விடைகள்: 1. ஃபார் 2. ஃபார் 3. இல்லை 4. டு 5. டு 6. ஆன் 7. ஆன் 8. சின்ஸ்

எட்டில் ஆறு சரி என்றால், மனுவை நீங்களே எழுதலாம். அதற்குக் குறைவு என்றாலும் ஒன்றும் மோசமில்லை. மேலே உள்ள பகுதிகளை இன்னொரு முறை படித்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். கெடு நெருங்கிவிட்டது, ஆங்கிலமும் வரமாட்டேங்குது என்றால் யோசிக்கவே வேண்டாம், தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வாருங்கள்.